வண்டியை நிறுத்து, கரையில் ஏறு!

பங்குனி மாதத்தில் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு அலாரம் தேவையில்லை. கிழக்கு வெளுக்கும் முன்பே கூரைக்கு மேலே பசி கிளம்பிவிடும். தெருவோர வேம்பு, வீட்டுப் புறவாசலில் நிற்கும் புளி, குளத்துக்குள் முட்டளவு தண்ணீரில் நிற்கும் கருவேலம் என்று மரத்துக்கு மரம் கூடு. ஒவ்வொரு கூட்டிலும் இரண்டு மூன்று சங்குவளை நாரைக் குஞ்சுகள். வளர்ந்த நாரைக்கு அநேகமாகக் குரலே கிடையாது. அலகோடு அலகைத் தட்டி ஓசை எழுப்புவதோடு சரி. இரைச்சல் அத்தனையும் பிள்ளைகளுடையதுதான்.

தாயோ தகப்பனோ வந்து இறங்கி, தொண்டையில் கொண்டுவந்த மீனைக் கூட்டில் கக்குகிறது. அடித்துப் பிடித்துத் தின்னும் அவசரத்தில் ஒரு கெண்டை நழுவிக் கீழே முற்றத்தில் விழுகிறது. நாய் வருவதற்குள் காகம் முந்திக்கொள்கிறது. கொடியில் காயும் வேட்டியில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் எச்சம். அந்த வீட்டுப் பெண்மணி அண்ணாந்துகூடப் பார்க்காமல் தண்ணீர்க் குடத்தின் வாயைத் தட்டால் மூடிக்கொண்டு உள்ளே போகிறார்.

இதைப் பார்ப்பதற்காகத்தான், பாளையங்கோட்டையிலிருந்து இருட்டோடு புறப்பட்டு மூலைக்கரைப்பட்டி வழியாக சைக்கிள் மிதித்து வருகிறார்கள் சிலர். வார இறுதியில் பைனாகுலரும் கேமராவுமாக வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 2022 ஆகஸ்டில் கூந்தன்குளத்துக்கு ராம்சார் அந்தஸ்து அறிவிக்கப்பட்டபிறகு, 'நெல்லைக்குப் போனால் அல்வா வாங்கு, குற்றாலத்தில் குளி' என்கிற பழைய பட்டியலில் இந்தக் குளமும் சேர்ந்துவிட்டது.

சேர்ந்ததில் சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்களில் பலர் இதைப் பறவைகளுக்காக வெட்டிய ஏரி என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அப்படியல்ல. இது நெல்லுக்காகக் கட்டிய குளம். பறவைகள் இங்கே விவசாயத்தின் கூட்டாளிகள்.

பெட்டிச் செய்தி: சின்னக் குளம், பெரிய பெயர்

கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்களும் சேர்ந்ததுதான் சரணாலயம். நாங்குநேரி வட்டாரம். திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர். அறிவிக்கப்பட்ட ஆண்டு 1994. பரப்பு 129.33 ஹெக்டேர். இதில் ராம்சார் பட்டியலில் பதிவான பரப்பு 72.04 ஹெக்டேர்தான். ஈரநிலங்களுக்கான ஒப்பந்தம் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் கோடியக்கரை (2002). 2025 தொடக்கத்தில் எண்ணிக்கை 20 ஆனது. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை.

கால்வாயின் கணக்கு

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும் தாமிரபரணியின் ஓட்டம் 130 கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் வழியில் உள்ள குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பி, சுமார் 86,000 ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் தருகின்றன. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்து. ஆற்றுத் தண்ணீர் எட்டாத நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து வறண்ட சீமைக்கு மழையும், 1958-ல் கட்டிமுடித்த மணிமுத்தாறு அணையின் கால்வாயும்தான் கதி. கூந்தன்குளம் இருப்பது இந்த வறண்ட பக்கத்தில்.

ஆகவே ஒரு குளத்தை மட்டும் சுற்றி வேலி போட்டுக் காப்பாற்றிவிட முடியாது. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் நாரை, இரைக்குப் பல கிலோமீட்டர் தாண்டிப் போகிறது. விஜயநாராயணம் பெரியகுளம், பெயர் தெரியாத ஊர்க் குட்டைகள், அறுவடை முடிந்து ஈரம் காயாத வயல்கள் எல்லாம் அதன் சமையலறை. சரணாலயத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இந்த உண்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீயின் மணிமுத்தாறு மையம் உள்ளூர் ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து 2011-லிருந்து தை மாதத்தையொட்டி இதை நடத்துகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டக் குளங்களுக்கும் தன்னார்வலர்கள் குழுகுழுவாகப் போகிறார்கள். கல்லூரி மாணவர், வங்கி ஊழியர், பள்ளிக்கூட ஆசிரியர் என்று எல்லாத் தரப்பும் உண்டு. கரையில் நின்று எண்ணுவது சும்மா வேலை இல்லை. கூட்டமாக மிதக்கும் ஊசிவால் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினால் ஐம்பதைத் தொடும்போது அவை இடம் மாறிவிடும். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளக்கவேண்டும். நெல்லை மரக்காலில் அளப்பது மாதிரி.

கார், பிசானம், குஞ்சு

நெல்லைச் சீமையில் சாகுபடிக்கு இரண்டு பெயர். ஆனியில் தொடங்குவது கார். ஐப்பசி மழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடை காண்பது பிசானம். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகும். பிசான நெல்லுக்கு மடை திறக்கத் திறக்க, தண்ணீர் இறங்கிக்கொண்டே வரும். பறவைகளின் காலண்டர் இதன்மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது.

மார்கழி வாக்கில் வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. இமயமலையை 7,000 மீட்டர் உயரத்துக்கும் மேலே பறந்து கடக்கக்கூடிய வரித்தலை வாத்து, திபெத், மங்கோலியா பக்கமிருந்து இங்கே வந்து இறங்குகிறது. அது பகலில் குளத்தில் ஓய்ந்து கிடக்கும். மேய்ச்சல் பெரும்பாலும் இருட்டில். சங்குவளை நாரை நம்ம ஊர்ப் பறவை. அது கூடு கட்டி, முட்டையிட்டு, சுமார் ஒரு மாதம் அடைகாத்து, பொரித்த குஞ்சு பறக்கிற மட்டும் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் காவல் இருக்கவேண்டும். நண்பகல் வெயிலில் தாய் நாரை கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை விரித்துப் பிடிப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். குஞ்சுகள் அந்த நிழலில் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் நகர நகர நாரையும் நகரும்.

அது மீன் பிடிக்கும் விதம்தான் விசேஷம். கண்ணால் தேடிக் குத்துவதில்லை. அலகைப் பாதி திறந்து, கணுக்கால் முதல் முழங்கால்வரையுள்ள தண்ணீரில் தலையை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கும். அலகுக்குள் மீன் தட்டுப்பட்ட அந்தக் கணமே வாய் மூடிக்கொள்ளும். ஆழமான தண்ணீரில் இந்த வித்தை பலிக்காது. பிசானத்துக்கு மடை திறந்து குளம் வற்றத் தொடங்கும்போதுதான் மீன்கள் ஆழமற்ற இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு சேரும். குஞ்சுகளுக்குப் பசி உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். விவசாயி திறந்த மடையால் நாரைக்குச் சோறு.

மழை பொய்த்தால் இந்தக் கூட்டு வியாபாரம் அப்படியே திவால். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தபோது கடைமடைக் குளங்கள் கட்டாந்தரையாயின. தண்ணீர் சீக்கிரம் வற்றினால் இரை போவது மட்டுமல்ல, காவலும் போகிறது. குளத்துக்குள் நிற்கும் மரத்துக்குத் தண்ணீர்தான் அகழி. அது வற்றினால் நாயும் பூனையும் மரத்தடிவரை வந்துவிடும். தவறி விழும் குஞ்சு அதோடு சரி. இப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்து, கையால் மீன் ஊட்டி வளர்த்துத்தான் கூந்தன்குளத்தின் வனக்காவலர் பால்பாண்டி 'பறவை மனிதர்' என்று பேர் வாங்கினார்.

மீதமிருக்கிற தண்ணீரைக் கடைசி நனைப்புக்குப் பயிருக்கு விடுவதா, குஞ்சுகளுக்கு வைப்பதா? குறைந்த மழை ஆண்டில் ஒவ்வொரு குளத்திலும் எழக்கூடிய கேள்வி இது. சரணாலயம் அல்லாத குளங்களில் மூன்றாவதாக ஒரு ஆளும் வரிசையில் நிற்கிறார். அவர் மீன்பாசிக் குத்தகைக்காரர். பணம் கட்டி எடுத்தவருக்குத் தண்ணீர் இறங்கும்போதுதான் வலை வீச வசதி. மூவரும் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூந்தன்குளத்து ஊரார் கண்ட சமரசம் பழையது. தீபாவளிக்கு இங்கே வெடிச்சத்தம் கிடையாது. பண்டிகைக்கு ஊர் வந்த பேரப்பிள்ளைகளுக்கு அது வருத்தம்தான், என்றாலும் வழக்கம் மாறவில்லை. பதிலுக்குப் பறவையும் கடன் வைப்பதில்லை. எச்சம் கலந்து ஊறிய குளத்து வண்டல் கோடையில் வயலுக்கு உரமாகிறது.

மரம் யாருடையது?

குளத்துக்குள் அடர்ந்து நிற்கும் கருவேலங்காடு தானாக முளைத்ததென்று நினைக்கவேண்டாம். சமூகக் காடுகள் திட்டத்தில் பல குளங்களின் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். முற்றியதும் ஏலம் விட்டு வெட்டுவது, விறகும் வருமானமும் பெறுவது என்பது ஏற்பாடு. ஆனால் நட்டவர்கள் எதிர்பார்க்காத குடித்தனக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நீர்க்காகமும் கொக்கும் பாம்புத்தாராவும் அரிவாள் மூக்கனும் அந்த முள்மரங்களை விடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று முடிவுசெய்துவிட்டன. இப்போது கோடாரி எடுத்தால் கூடு போகும். எடுக்காவிட்டால் குளத்தின் கொள்ளளவு குறைகிறது என்பது விவசாயிகளின் கவலை. இரண்டும் நியாயம்தான். கூடுள்ள மரங்களை விட்டு மற்றவற்றைப் பகுதி பகுதியாக, கூடு காலியான மாதங்களில் வெட்டுவது ஒரு வழி. அதற்கு எந்த மரத்தில் எத்தனை கூடு என்று யாராவது கரையில் நடந்து பார்த்திருக்கவேண்டும்.

சைக்கிள் எதற்கு?

நடையும் சைக்கிளும் இங்கே வெறும் உடற்பயிற்சி விஷயமில்லை. மோட்டார் பைக் கரையேறினால் வாத்துக் கூட்டம் மொத்தமாக எழுந்துவிடும். ஒருதடவை எழுந்து வட்டமடித்து இறங்குவதற்குள் அது செலவழிக்கும் சக்தியை மீண்டும் மேய்ந்துதான் ஈடுகட்டவேண்டும். மெதுவாக நடந்து வருகிற ஆளைப் பறவைகள் சகித்துக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாக மண்வெட்டியோடு கரையில் நடப்பவர்களை அவை பார்த்துப் பழகியிருக்கின்றன. காலில் போகிறவன் சேற்றுக்காரன். சத்தத்தோடு வருகிறவன் வேட்டைக்காரன்.

சைக்கிளையும் கரைக்குக் கீழேயே நிறுத்திவிடுவது நல்லது. இதில் பறவை தர்மத்தோடு டியூப் தர்மமும் கலந்திருக்கிறது. கரை நெடுகக் கிடக்கும் கருவேல முள் விரல் நீளம் இருக்கும். டயரைத் தாண்டி டியூபுக்குள் இறங்கும்போது சத்தம்கூடக் கேட்காது. பத்தடி போனபிறகுதான் ரிம் தரையில் இடிக்கும்.

காலமும் முக்கியம். தை, மாசியில் வாடைக்காற்று பரவாயில்லை. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வரும் காற்றை எதிர்த்து நாங்குநேரிப் பக்கம் மிதித்தவர்களுக்கு, இந்தப் பிரதேசத்தில் ஏன் இத்தனை காற்றாலைகள் என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்று. குளத்துக்கரை பூங்கா நடைபாதை அல்ல, தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண் சுவர். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்ட அந்த இரவில், தாமிரபரணியின் கீழ்ப்பக்கத்தில் பல குளங்கள் உடைந்தன. கரையை வெட்டிப் பாதை அகலப்படுத்துவது, மறுகால் ஓடையில் வண்டி நிறுத்த மண் போடுவது போன்ற காரியங்களை ஊர்க்காரர்கள் ஏன் முறைக்கிறார்கள் என்பது அந்த இரவைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 'ஏ தம்பி, கரைல வண்டிய ஏத்தாதீய' என்று ஒரு குரல் வந்தால், கோபித்துக்கொள்ளாமல் இறங்குவதே மரியாதை.

கோயில் மரத்தில் ஒரு காப்பகம்

கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் தளம் தளமாக இருக்கும் பழைய சுவரோவியங்களையும் மரச்சிற்பங்களையும் பார்க்க வருகிறவர்கள், வெளியே வந்து ஆற்றங்கரை மருதமரங்களை அண்ணாந்து பார்க்காமல் போய்விடுகிறார்கள். அந்த மரங்களும் நாரை, கொக்குகளின் குடியிருப்புகள். 2005 பிப்ரவரி 14 அன்று இந்த இடம் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் முதல் காப்பகம். பரப்பு 2.84 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழு ஏக்கர். சுற்றிப் பார்க்க சைக்கிள்கூட வேண்டாம். படித்துறையில் உட்கார்ந்தாலே போதும்.

பெரிய பரப்பும் வேலியும் இல்லாமல், ஊராரின் இசைவை வைத்தே ஒரு காப்பகம் நிற்கலாம் என்பதற்கு இந்த ஏழு ஏக்கர்தான் சாட்சி.

மேலே, மேகத்துக்குள்

குளங்களுக்குத் தண்ணீர் அனுப்பும் மலைமேல் இன்னொரு ஈரநிலம் இருக்கிறது. மணிமுத்தாறு தாண்டி மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. சோலைக்காடுகளும் இடையிடையே புல்வெளியும் சதுப்பும். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மூர்லாந்து என்று சொல்லும் மேட்டுநிலத்தின் சாயல் நெல்லையில் எங்காவது உண்டென்றால் இங்கேதான். பெய்கிற மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுவதுதான் இதன் வேலை. தாமிரபரணி வற்றாத ஜீவநதி என்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்த வற்றாமையின் கிடங்கு இது.

இங்கே நடப்பதற்கு அனுமதி சுலபமில்லை. இது 1988-ல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுப்பகுதி. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறை திறக்கிறபோது, சொல்கிற பாதையில் மட்டுமே போகமுடியும். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை வளர்த்தது பாம்பே பர்மா கம்பெனி. குத்தகை 2028-ல் முடியவேண்டியது. 2024-லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்து வேலையை நிறுத்தியது. நான்கு தலைமுறையாக அந்தப் பாதைகளில் கொழுந்துக் கூடையோடு நடந்தவர்கள் கீழே இறங்கவேண்டியதாயிற்று. 1999 ஜூலை 23 அன்று கூலிக்காகப் பேரணி போன இதே தொழிலாளர்களும் ஆதரவாளர்களுமாகப் 17 பேர், போலீஸ் தடியடியில் சிதறி ஓடித் தாமிரபரணியில் விழுந்து இறந்ததை நெல்லை மறக்கவில்லை. காடு மீளவேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மீண்ட காட்டில் நடக்கப்போகிற சுற்றுலாப் பயணி, அங்கே நடந்து தேய்ந்தவர்களின் கதையைத் தெரியாமலே திரும்பினால் அது அரைகுறைப் பயணம்.

யார் நடக்கலாம் என்பது இங்கிலாந்திலும் சண்டையான கேள்விதான். பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்துக்குள் 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை அங்கே சட்டமாக்க 2000-ஆம் ஆண்டு ஆயிற்று.

காசு எந்தப் பக்கம் போகிறது?

சைக்கிளை வைத்தே சுற்றிக்காட்டும் இடங்கள் உண்டு. மணல்வெளியும் புதர்வெளியும் உள்ள நெதர்லாந்தின் ஹோகே வெலுவே தேசியப் பூங்கா அதில் ஒன்று. 1974 முதல் அங்கே வெள்ளை சைக்கிள்கள் நிற்கின்றன. இன்று சுமார் 1,800. பூட்டு கிடையாது, தனி வாடகையும் கிடையாது. எடுத்து ஓட்டிவிட்டு இன்னொரு வாசலில் விட்டுவிடலாம். நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் பாரத்பூர். ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தார்கள். படிக்காத மனிதர்கள் ஒவ்வொரு வாத்தின் பெயரையும் சொல்லி, எந்தக் கிளையில் ஆந்தை தூங்குகிறது என்று விரல் நீட்டுகிறார்கள். கூலி அவர்கள் கைக்கு நேராகப் போகிறது.

கூந்தன்குளத்தில் காவல் கோபுரம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. எச்சம் விழும் முற்றத்தைக் கூட்டுகிறவர்களுக்கு வருமானம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கேமராவோடு வருகிறவர் தண்ணீர் பாட்டிலையும் புளியோதரையையும் திருநெல்வேலியிலேயே வாங்கிவிடுகிறார். ஊருக்கு மிஞ்சுவது காலி பாட்டில். நாலு வாடகை சைக்கிள், காலை இட்லி, வழிகாட்டப் பழகிய நாலு இளைஞர்கள் என்று ஆரம்பித்தால்கூட நிலைமை மாறும். இன்டர்லாக் கல் பதிப்பதைவிட இதற்குச் செலவு குறைவு.

பறவை பார்ப்பதை நகரத்துக்குள்ளேயே தொடங்குகிறவர்களுக்கு நயினார்குளம் இருக்கிறது. டவுனின் சத்தத்துக்கு நடுவே நீர்க்காகமும் கொக்கும் வந்தடைகிற குளம். புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் அந்த இடத்தின் பெயரைக் கண்டக்டர் வாயால் கேட்டுக்கொள்ளலாம்: வேய்ந்தான்குளம்.

பெட்டிச் செய்தி: போகிறவர்கள் கவனத்துக்கு

தை முதல் பங்குனிவரை நல்ல காலம். தையில் வாத்துகள், பங்குனியில் குஞ்சுகள். விடியலுக்கு முன் கரைக்குக் கீழே இருக்கவேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றால் நிறம் தெரியும். கூடுள்ள மரத்தடிக்குப் போகக்கூடாது. தாய் எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் ஆகும். டிரோன் வேண்டாம். வீட்டுப் புறவாசல் மரத்தைப் படமெடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான் கட்டாயம்.

மடையடியில்

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கூழைக்கடாக்கள் வரிசை பிடித்துத் திரும்புகின்றன. குளத்தில் மிச்சத் தண்ணீர் செம்பு நிறமாகிறது. தண்ணீர் பாய்ச்சுகிறவர் மடையை அடைத்துவிட்டு, காலிலுள்ள சேற்றைக் கரைப் புல்லில் தேய்த்துக்கொண்டு போகிறார். அடைத்த பிறகும் இடுக்கில் கொஞ்சம் கசிகிறது. அந்தக் கசிவில் மீன்குஞ்சு ஏதாவது வருமா என்று கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது ஒரு மடையான். கரைக்குக் கீழே, சொன்ன பேச்சைக் கேட்காமல் மேலே ஏற்றிய சைக்கிளின் பின்சக்கரத்தை இரண்டு பையன்கள் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூலைக்கரைப்பட்டிவரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.